பெரியவர்கள் கையில் டேப்லெட்: வாசகர் கேள்வி பதில்

வீட்டுப் பெரியவர்கள் வீடியோ கால் பேசுவதற்காக டேப்லெட் வாங்குவது, வாங்கியதைச் சரியாக அமைத்துக் கொடுப்பது பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

அம்மாவுக்கு 76 வயது, தனியாக இருக்கிறார். வீடியோ காலுக்கு மட்டும் ஒரு டேப்லெட் வேண்டும். ஐபேடா, ஆண்ட்ராய்டா? என்னென்ன பார்த்து வாங்க வேண்டும்?

முதலில் ஒரு தாளை எடுத்து, அம்மாவை அடிக்கடி கூப்பிடுகிறவர்கள் யார் யார், அவர்கள் கையில் என்ன போன் இருக்கிறது என்று எழுதுங்கள். பாதி முடிவு அதிலேயே கிடைத்துவிடும். எல்லோரிடமும் ஐபோன் என்றால் ஐபேட் வாங்கி, ஆப்பிளின் வீடியோ கால் சேவையான ஃபேஸ்டைமில் பேசுவது மிக எளிது. வீட்டில் ஒருவரிடம் ஆண்ட்ராய்டு இருந்தாலும் அங்கே சிக்கல். ஃபேஸ்டைம் காலை ஆப்பிள் கருவியிலிருந்துதான் தொடங்க முடியும். 2021-ல் வந்த ஐஓஎஸ் 15 முதல் மற்றவர்கள் பிரவுசர் வழியாகச் சேரலாம் என்றாலும், அதற்கு ஆப்பிள் வைத்திருப்பவர் ஒரு லிங்க் உருவாக்கி அனுப்ப வேண்டும். இதை அம்மாவிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. குடும்பம் முழுக்க வாட்ஸ்ஆப்பில் இருந்தால் இரண்டில் எது வேண்டுமானாலும் சரி. ஐபேடுக்கான வாட்ஸ்ஆப் 2025 மே மாதத்தில்தான் வந்தது என்பதால், 'ஐபேடில் வாட்ஸ்ஆப் வராது' என்று இன்னும் சொல்பவர்கள் உண்டு. அது பழைய செய்தி.

அடுத்து, ஏதாவது கோளாறு என்றால் வீட்டில் யார் சரிசெய்து தருவார்? அவர் தினமும் எந்த வகைக் கருவியைப் பயன்படுத்துகிறாரோ அதையே அம்மாவுக்கும் வாங்குங்கள். 'மேலே வலது மூலையில் இருந்து கீழே இழுங்கள்' என்று போனில் வழி சொல்பவருக்கு அந்தத் திரை கண்ணை மூடினாலும் தெரிய வேண்டும்.

ஆண்ட்ராய்டு என்றால் ரேம் 4 ஜிபிக்குக் குறையக் கூடாது, சேமிப்பிடம் 64 ஜிபி போதும். 2 ஜிபி ரேம் உள்ள மலிவு டேப்லெட்டில் கால் வரும்போது திரை விழித்து, பச்சைப் பொத்தான் தெரியச் சில நொடிகள் பிடிக்கும். அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டு, பொத்தானைத் தொடுவதற்குள் எதிர்முனையில் வைத்துவிடுவார்கள். 'எனக்கு இதெல்லாம் வராது' என்று அம்மா சொல்லத் தொடங்குவது இங்கிருந்துதான். குற்றம் அவருடையது இல்லை. பாதுகாப்பு அப்டேட் இன்னும் எத்தனை வருடத்துக்கு வரும் என்பதையும் தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று, முன் கேமரா இருக்கும் இடம். டேப்லெட்டை ஸ்டாண்டில் படுக்கை வாக்கில்தான் வைப்போம். கேமரா குட்டைப் பக்கத்தில் இருந்தால் அது திரையின் இடது அல்லது வலது ஓரத்துக்குப் போய்விடும். அம்மா உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவார், உங்களுக்கோ அவர் எங்கோ பக்கவாட்டில் பார்ப்பது போலத் தெரியும். நீண்ட பக்கத்தின் நடுவில் கேமரா உள்ள மாடலையே எடுங்கள். சாதாரண ஐபேடில் இந்த மாற்றம் 2022-ல் வந்த பத்தாம் தலைமுறையிலிருந்து இருக்கிறது.

பெரிய திரைதானே நல்லது? 13 அங்குலத்தில் வாங்கலாமா?

கையில் பிடித்துப் பேசுவாரா, மேசையில் வைத்துப் பேசுவாரா என்பதைப் பொறுத்தது. 8 அங்குல டேப்லெட் ஏறக்குறைய 300–350 கிராம், 10–11 அங்குலம் 450–500 கிராம், 13 அங்குலத்தை ஒட்டியவை 600 கிராமுக்கு மேலும் போகும். கவர் போட்டால் இன்னும் கூடும். மூட்டுவலி உள்ள கைக்கு அரை கிலோவே பத்து நிமிடத்தில் பாரம். பெரும்பாலோருக்கு 10–11 அங்குலமும் ஒரு கனமான ஸ்டாண்டும்தான் சரியான சேர்க்கை. ஸ்டாண்டின் அடிப்பகுதி இலேசாக இருந்தால் திரையைத் தொடும்போதெல்லாம் பின்னால் சாயும், பயந்துபோய்த் தொடவே மாட்டார்கள். ரப்பர் அடியுள்ள உலோக ஸ்டாண்டாகப் பாருங்கள்.

திரையின் அளவைவிட மூக்குக்கண்ணாடிதான் இங்கே பெரிய விஷயம். படிக்கும் கண்ணாடி பொதுவாக 40 சென்டிமீட்டர் தூரத்துக்கு ஏற்றது. ஸ்டாண்டில் வைத்த டேப்லெட் 60 சென்டிமீட்டருக்கு அப்பால் இருந்தால் அந்தக் கண்ணாடியில் மங்கலாகத்தான் தெரியும். கண்ணாடியைக் கழற்றினாலும் மங்கல். பைஃபோகல், புரோகிரசிவ் கண்ணாடி போடுபவர்களுக்கு வேறு தொல்லை: கிட்டப் பார்வைக்கான பகுதி கண்ணாடியின் அடியில் இருக்கிறது. டேப்லெட்டைக் கண் உயரத்துக்கு ஏற்றி வைத்தால் மோவாயைத் தூக்கித் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கும், கழுத்து வலிக்கும். ரொம்பத் தாழ்த்தி வைத்தால் நீங்கள் கூரையையும் அவர் மோவாயையும் பார்த்துப் பேச வேண்டும். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, திரை கொஞ்சம் பின்சாய்ந்து, 45 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துத் தொடங்குங்கள். அவர் தலையைத் தூக்காமல் தெளிவாகப் பார்க்கும் இடம் கிடைத்ததும், ஸ்டாண்டின் கால் இருக்கும் இடத்தில் மேசையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். நீண்ட நேரம் பேசுகிறவர் என்றால், 50–60 சென்டிமீட்டர் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி போட்டுத் தரும்படி கண் பரிசோதகரிடம் கேட்கலாம்.

ஜன்னல் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. முகம் கறுத்துப் போகும்.

அப்பாவிடம் பட்டன் போன் மட்டும்தான். டேப்லெட்டில் வாட்ஸ்ஆப் போட்டுக் கொடுக்கலாமா? என் நம்பரையே அதில் இணைத்துவிடலாம் என்கிறான் தம்பி.

தம்பி சொல்வதைச் செய்யாதீர்கள். உங்கள் கணக்கோடு அப்பாவின் டேப்லெட்டை இணைத்தால் உங்களுக்கு வரும் அத்தனை செய்தியும் காலும் அங்கேயும் வரும். அப்பா யாரையாவது கூப்பிட்டால் உங்கள் பெயரில் போகும். உங்களையே அவர் கூப்பிட முடியாது.

இணைப்புக் கருவி என்பதில் இன்னொரு பொறியும் உண்டு. வாட்ஸ்ஆப்பின் முதன்மைப் போன், அதாவது கணக்குத் தொடங்கிய போன், 14 நாட்களுக்கு மேல் பயன்படுத்தப்படாமல் இருந்தால், அதோடு இணைத்த கருவிகள் தாமாகவே வெளியேற்றப்படும். அப்பாவுக்கென ஒரு பழைய ஸ்மார்ட்போனில் கணக்குத் தொடங்கி, டேப்லெட்டை இணைத்துவிட்டு, போனை அலமாரியில் போட்டுவிடும் வீடுகளில் நடப்பது இதுதான். இரண்டு வாரம் அருமையாக வேலை செய்யும். பிறகு ஒருநாள் டேப்லெட்டில் க்யூஆர் கோடு வந்து நிற்கும், அப்பாவுக்கு ஒன்றும் புரியாது. இந்த வழியில்தான் போவது என்றால் அந்தப் போன் சார்ஜிலும் வைஃபையிலும் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை யாராவது அதில் வாட்ஸ்ஆப்பைத் திறந்து மூட வேண்டும்.

ஸ்மார்ட்போனே இல்லாதவருக்கு நேர்வழி, போன் நம்பர் தேவைப்படாத சேவை. ஐபேட் என்றால் ஆப்பிள் கணக்கின் மின்னஞ்சல் முகவரியை வைத்தே ஃபேஸ்டைம் பேசலாம். மற்றவற்றில் கூகுள் கணக்கு வைத்துப் பேச கூகுள் மீட் இருக்கிறது. கணக்கை அப்பா பெயரிலேயே தொடங்குங்கள், கடவுச்சொல்லை இரண்டு இடங்களில் எழுதி வையுங்கள். ஜூமின் இலவசக் கணக்கில் ஒரு சந்திப்பு 40 நிமிடத்தில் நின்றுவிடும். இருவர் மட்டும் பேசினாலும் அப்படித்தான்.

மாமியாரின் ஸ்கைப் திடீரென்று நின்றுவிட்டது. சரிசெய்ய முடியுமா?

முடியாது. ஸ்கைப் சேவையே 2025 மே 5-ஆம் தேதி மூடப்பட்டுவிட்டது. 'ஸ்கைப்பை மீட்டுத் தருகிறோம்' என்று யார் கூப்பிட்டாலும் நம்ப வேண்டாம்.

நாங்கள் கூப்பிட்டால் பாட்டியின் டேப்லெட்டில் ரிங் ஆவதே இல்லை. பிறகு எடுத்துப் பார்த்தால் 'மிஸ்டு கால்' மட்டும் இருக்கிறது. டேப்லெட் பழுதா?

எங்களுக்கு அதிகம் வரும் கேள்வி இது. பெரும்பாலும் பழுது எதுவும் இருக்காது, அமைப்புகளில்தான் காரணம். இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் ஒலி. ஆண்ட்ராய்டில் வீடியோ, பாட்டுக்கான ஒலியளவு வேறு, ரிங் மற்றும் அறிவிப்புக்கான ஒலியளவு வேறு. பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் முதலாவதுதான் கூடும். செட்டிங்ஸில் ஒலிப் பகுதிக்குப் போய் எல்லாக் கோடுகளையும் உச்சத்துக்கு இழுத்து வையுங்கள். 'டூ நாட் டிஸ்டர்ப்', 'பெட்டைம்' போன்றவை தானாக இயங்கும்படி நேரம் குறிக்கப்பட்டிருந்தால் நீக்குங்கள்.

இரண்டாவது, அறிவிப்பு அனுமதி. 2022-ல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல் ஒவ்வொரு ஆப்பும் அறிவிப்பு காட்ட அனுமதி கேட்கிறது. அந்தப் பெட்டி வந்தபோது பாட்டி 'வேண்டாம்' என்பதைத் தொட்டிருக்கலாம்.

மூன்றாவதுதான் முக்கியமான குற்றவாளி, பேட்டரி சேமிப்பு. கொஞ்ச நேரம் யாரும் தொடாத டேப்லெட், ஆப்களைத் தூங்க வைத்துவிடும். வாரம் இரண்டு முறை மட்டும் கால் வரும் ஆப்பை 'அதிகம் பயன்படாதது' என்று கணக்கெடுத்து ஆழ்ந்த தூக்கத்தில் போட்டுவிடும் தயாரிப்பாளர்களும் உண்டு. செட்டிங்ஸ் – ஆப்ஸ் – வாட்ஸ்ஆப் – பேட்டரி என்று போய் 'கட்டுப்பாடு இல்லை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். சாம்சங் என்றால் 'ஸ்லீப்பிங் ஆப்ஸ்', 'டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ்' பட்டியல்களில் அது இருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள். அதே ஆப் தகவல் பக்கத்தின் அடியில், பயன்படுத்தாத ஆப்பின் அனுமதிகளைப் பறிக்கும் ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதையும் அணைத்துவிடுங்கள்.

நான்காவது, சார்ஜ் தீர்ந்து அணைந்து, மறுபடி ஆன் ஆன டேப்லெட். அது பின் நம்பர் கேட்டு நிற்கும். ஒருமுறை நம்பரைப் போட்டுத் திறக்கும்வரை இது போன்ற ஆப்களில் கால் வந்தாலும் ரிங் ஆகாது. பாட்டியின் டேப்லெட் வீட்டை விட்டு வெளியே போகாது, அதில் வங்கி ஆப் எதுவும் இல்லை என்றால் பின் நம்பரை எடுத்துவிடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து. வங்கி ஆப் இருந்தால் நம்பர் கட்டாயம் வேண்டும். அல்லது வங்கி ஆப்பை அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.

சரிசெய்தபின் சோதிக்கும் விதத்திலும் பலர் ஏமாந்துபோகிறார்கள். அமைப்பை மாற்றிய கையோடு கூப்பிட்டால் ரிங் ஆகத்தான் செய்யும், ஆப் அப்போது விழித்திருக்கிறது. திரையை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, இரண்டு மணி நேரம் யாரும் தொடாமல் வைத்திருந்து பிறகு கூப்பிடுங்கள். மறுநாள் காலை இன்னொரு முறை. இரண்டிலும் ரிங் ஆனால்தான் சரியானது என்று அர்த்தம்.

பச்சைப் பொத்தானைத் தொட்டாலும் எடுக்க மாட்டேன் என்கிறது. சில நேரம் பேசும்போதே கட் ஆகிறது. தாத்தாவுக்குக் கை லேசாக நடுங்கும்.

தொடுதிரை விரலின் மின்கடத்தும் தன்மையை வைத்தே வேலை செய்கிறது. வயதானவர்களின் விரல் நுனி வறண்டு, தோல் தடித்திருக்கும். திரை அதைச் சரியாக உணராது. உணராததால் அவர் அழுத்தி, நீண்ட நேரம் வைத்திருப்பார். அதைத் திரை 'தொட்டுப் பிடித்தல்' என்று எடுத்துக்கொண்டு வேறு எதையோ திறக்கும். பத்து நிமிடம் முன்பு கொஞ்சம் ஈரப்பத க்ரீம் தடவச் சொல்லுங்கள். அல்லது ரப்பர் முனையுள்ள தடித்த ஸ்டைலஸ் ஒன்றை ஸ்டாண்டில் நூலால் கட்டி விடுங்கள். திரைமேல் தடிமனான பாதுகாப்புக் கண்ணாடி ஒட்டியிருந்தால் எடுத்துவிட்டுப் பாருங்கள்.

பிறகு செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி (அணுகல் வசதிகள்) பகுதிக்குப் போங்கள். ஆண்ட்ராய்டில் 'டச் அண்ட் ஹோல்ட் டிலே' என்பதை நீளமாக வைத்தால் தயங்கித் தொடுவதும் சாதாரணத் தொடுதலாகவே கொள்ளப்படும். ஐபேடில் 'டச் அக்கமடேஷன்ஸ்' என்ற பகுதியில் எவ்வளவு நேரம் தொட்டால் கணக்கு, அடுத்தடுத்து விழும் நடுக்கத் தொடுதல்களை எவ்வளவு நேரத்துக்கு விட்டுவிடுவது என்று இரண்டையும் அமைக்கலாம். 0.25 நொடியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் திரையே செத்துப்போனது போல் ஆகிவிடும்.

பேசும்போது கட் ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் பிடித்திருக்கும் கை. கட்டைவிரல் திரையின் ஓரத்தில் படும், அங்கேதான் சிவப்புப் பொத்தான் இருக்கும். ஸ்டாண்டில் வைத்தாலே பாதி சரியாகிவிடும்.

ஐபேட் வைத்திருப்பவர்கள் 2023-ல் ஐபேட்ஓஎஸ் 17-உடன் வந்த 'அசிஸ்டிவ் ஆக்சஸ்' முறையையும் பாருங்கள். திரை முழுவதும் சில பெரிய கட்டங்களாக மாறிவிடும். யார் யாரைக் கூப்பிடலாம் என்பதை நீங்களே குறித்துக் கொடுக்கலாம். ஆண்ட்ராய்டில் இதற்கு ஈடாக, முகப்புத் திரையில் எல்லா ஆப்பையும் அகற்றிவிட்டு, வாட்ஸ்ஆப்பில் மகன், மகள் என்று ஒவ்வொருவரின் சாட்டுக்கும் தனித்தனி ஷார்ட்கட் போட்டு வையுங்கள். அந்தப் படத்தைத் தொட்டால் சாட் திறக்கும், மேலே உள்ள கேமராவைத் தொட்டால் கால் போகும். இரண்டே தொடுதல். தொடர்புகளுக்கு முகம் தெளிவாகத் தெரியும் படம் வையுங்கள், கோயில் கோபுரமும் பூவும் வேண்டாம்.

அத்தைக்கு மறதி நோய். வரும் வீடியோ காலை எடுக்கத் தெரியவில்லை. தானாகவே எடுக்கும் கருவி இருக்கிறதாமே?

இருக்கிறது. ஐபேடின் ஆக்சஸிபிலிட்டியில் கால்களைத் தானாக ஏற்கும் அமைப்பு உண்டு, எத்தனை நொடி கழித்து என்பதையும் நாம் குறிக்கலாம். அமேசானின் திரையுள்ள ஸ்பீக்கரான எக்கோ ஷோவில் 'ட்ராப் இன்' என்ற வசதி இருக்கிறது. அனுமதி பெற்றவர் கூப்பிட்டால், யாரும் எதையும் தொடாமலே இணைப்பு கிடைத்துவிடும். முதல் சில நொடிகள் படம் பனி மூடியது போல மங்கலாகத் தெரிந்து பிறகு தெளியும். இதற்கென்றே செய்த கருவிகளும் சில நாடுகளில் கிடைக்கின்றன. நார்வேயில் உருவான கோம்ப் பழைய டிவிப் பெட்டி வடிவில், ஒரே ஒரு திருகுடன் இருக்கும். அமெரிக்காவின் கிராண்ட்பேட் மாதச் சந்தாவில் வருவது. வாங்குமுன் உங்கள் நாட்டில் அந்தச் சேவை இயங்குகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வசதி பெரிது, பொறுப்பும் அதே அளவு பெரிது. அத்தைக்குப் புரிகிற நேரத்தில் அவரிடம் சொல்லிச் சம்மதம் கேளுங்கள். படுக்கையறையிலும், உடை மாற்றும் இடத்திலும் வைக்க வேண்டாம். உதவிக்கு வரும் பணியாளருக்கும் அது தானாகத் திறக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும், அவருக்கும் அந்தரங்கம் உண்டு. அனுமதியை இரண்டு மூன்று பேரோடு நிறுத்துங்கள். இணைந்தவுடன் 'அத்தை, நான் பேசுகிறேன்' என்று உங்கள் பெயரைச் சொல்லி ஆரம்பியுங்கள். எங்கிருந்தோ ஒரு குரல் வந்தால் அவர் மிரண்டுபோவார்.

ஒலியை முழுக்க வைத்தும் 'கேட்கலை, கேட்கலை' என்கிறார் அப்பா.

வயதில் வரும் செவித்திறன் குறைவு முதலில் உயர் அதிர்வெண்களைத்தான் தாக்கும். பேச்சில் ச, த, ப போன்ற மெய்யொலிகள் மழுங்கிப்போகும். சத்தம் கேட்கும், சொல் புரியாது. ஆகவே கத்துவதால் பயன் குறைவு. நீங்கள் கத்தினால் மைக்கில் ஒலி உடைந்து இன்னும் மோசமாகும். மைக் உள்ள இயர்போனில், நிதானமாக, உதடு தெரியும்படி வெளிச்சத்தில் உட்கார்ந்து பேசுங்கள். அவர் பக்கத்தில் டிவியும் மின்விசிறியும் நின்றிருக்கட்டும்.

டேப்லெட்டின் ஸ்பீக்கர்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். தடித்த கவர் அவற்றை மூடியிருக்கலாம். ஒரு காதில் மட்டும் நன்றாகக் கேட்பவர் ஹெட்போன் போட்டால் ஆக்சஸிபிலிட்டியில் 'மோனோ ஆடியோ'வை இயக்குங்கள், இரண்டு பக்க ஒலியும் அந்தக் காதுக்கே வந்துவிடும். காது மெஷின் ப்ளூடூத் வகை என்றால், அது எந்த டேப்லெட்டோடு நேரடியாகச் சேரும் என்ற பட்டியலை வாங்குமுன்பே கேட்டுப் பெறுங்கள். எல்லாம் எல்லாவற்றோடும் சேராது. கால் எடுத்ததும் ஒன்றுமே கேட்கவில்லை என்றால் ப்ளூடூத்தை அணைத்துப் பாருங்கள். அடுத்த அறையில் இருக்கும் ஸ்பீக்கருக்கு ஒலி போய்க்கொண்டிருக்கலாம்.

எப்போதும் சார்ஜரிலேயே வைத்திருக்கலாமா?

வைக்கலாம், ஆனால் 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியை இயக்கிவிட்டு. சாம்சங் டேப்லெட் பலவற்றில் பேட்டரிப் பாதுகாப்பு என்று இருக்கிறது, புதிய ஐபேட் சிலவற்றிலும் உண்டு. மாதக்கணக்கில் 100 சதவீதத்தில், வெப்பத்தோடு இருக்கும் லித்தியம் பேட்டரி உப்பக்கூடும். திரையின் ஒரு ஓரம் லேசாகத் தூக்கினாலோ, மேசையில் வைத்தால் ஆடினாலோ உடனே சார்ஜரைக் கழற்றி, அணைத்து, பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், தீப்பிடிக்கலாம். 80 வசதி இல்லாத மாடல் என்றால் சார்ஜரை ஒரு டைமர் பிளக்கில் மாட்டி, நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் மின்சாரம் போகும்படி வைக்கலாம்.

பழைய ஐபேட் ஏர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதைக் கொடுத்துவிடலாமா?

2013-ல் வந்த முதல் ஐபேட் ஏர் என்றால் வேண்டாம். அது ஐஓஎஸ் 12-உடன் நின்றுவிட்டது. வாட்ஸ்ஆப்புக்குக் குறைந்தது ஐஓஎஸ் 15.1 வேண்டும். 2014-ன் ஏர் 2 ஐபேட்ஓஎஸ் 15 வரை போகும், தற்காலத்துக்கு ஒப்பேற்றலாம்.

வைஃபை மாடலா, சிம் மாடலா? ஒரு மணி நேரம் பேசினால் எவ்வளவு டேட்டா?

போகவும் வரவும் நொடிக்கு 1 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 900 எம்பி. தரத்தைப் பொறுத்து இது கூடும், குறையும். வீட்டில் நிலையான இணைப்பு இருந்தால் வைஃபை மாடலே போதும். இல்லாத வீட்டில் சிம் மாடல் நல்லது: தனி ரவுட்டரை அணைத்துப் போடுவது என்ற கோளாறே இருக்காது. படம் உறைந்து உறைந்து வந்தால், அவர் உட்காரும் அதே நாற்காலியில் வைத்து வேகத்தைச் சோதியுங்கள். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் வலுவிழக்கும். இரண்டு சுவர் தள்ளி இருக்கும் அறைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் பெரும்பாலும் நிலையாக இருக்கும்.

தூரத்தில் இருந்துகொண்டு அம்மாவின் டேப்லெட்டைச் சரிசெய்ய என்ன வழி? மோசடிக்காரர்கள் பயமும் இருக்கிறது.

வாட்ஸ்ஆப் வீடியோ காலிலேயே திரையைப் பகிரலாம். அம்மா பகிர்ந்தால் அவர் பார்ப்பதை நீங்களும் பார்த்து, எதைத் தொடுவது என்று சொல்லலாம். ஐஓஎஸ் 18, ஐபேட்ஓஎஸ் 18 முதல் ஃபேஸ்டைமில் அனுமதி கேட்டு எதிர்முனைத் திரையை நீங்களே இயக்கவும் முடியும்.

மோசடிக்காரர்களும் இதே திரைப் பகிர்வைத்தான் கேட்கிறார்கள். வங்கி, போலீஸ், கூரியர் என்று ஏதோ ஒரு பெயரில் கூப்பிட்டு, திரையைப் பகிரச் சொல்லி, அதில் வரும் ஓடிபியைப் படித்துவிடுவார்கள். ஆகவே அம்மாவிடம் சொல்ல வேண்டிய விதி ஒன்றே ஒன்று: திரையைக் காட்டச் சொன்னால் முகம் தெரிகிற பிள்ளைகளுக்கு மட்டும்தான். வேறு யார் கேட்டாலும் சிவப்புப் பொத்தான். டேப்லெட்டில் ரிமோட் ஆப் எதையும் நிரந்தரமாக விட்டுவைக்காதீர்கள். வாட்ஸ்ஆப்பில் செட்டிங்ஸ் – பிரைவசி – கால்ஸ் என்று போய், தெரியாத எண்களின் கால்களை ஒலிக்காமல் செய்யும் ஸ்விட்சை இயக்குங்கள். கணக்குப் பகுதியில் இரட்டைச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்க எண் ஒன்றைப் போட்டு, அதை நீங்களும் குறித்து வையுங்கள். தெரியாத எண்களுக்கான அந்த ஸ்விட்சை இயக்கியபின், டாக்டர், பக்கத்து வீட்டுக்காரர் என்று அம்மாவைக் கூப்பிடக்கூடிய எல்லோருடைய எண்ணும் தொடர்புகளில் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இல்லாவிட்டால் அவர்கள் கூப்பிட்டாலும் ரிங் ஆகாது.